பெயருக்கு நடுவில் ஒரு கோடு

ரஹாங் டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார் அவர். பெரிய தொப்பை, காதில் எப்போதும் ஒரு பேனா. யார் உதவி கேட்டு வந்தாலும் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார்; வந்தவர்தான் தட்ட வேண்டும். அவர் கீபோர்டைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. ரெம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நான். ஆளுக்கொரு வருகைக் கோப்பு உண்டாக்க, புத்தகத்தைப் பார்த்துப் பைத்தான் மொழியில் எட்டு வரி புரோகிராம் எழுதியிருந்தேன். சீனர், மலாய்க்காரர் பெயர்களுக்குக் கோப்பு வந்தது. தமிழ்ப் பெயர் வந்தால் மட்டும் நின்றுவிடும். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கம்ப்யூட்டரையே திருப்பி அனுப்பப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். பிளாப்பியோடு அவர் கடைக்குப் பஸ் ஏறினேன்.

"அண்ணே, இதுக்குக்கூட நம்மளப் பிடிக்கல லா!"

"திட்டாத தங்கச்சி. அது என்ன சொல்லுதுன்னு சத்தமா படி."

"அப்படி ஒரு ஃபோல்டர் இல்லையாம்."

"யார் பேருல நிக்குது?"

"முனியாண்டி ஏ/எல் காத்தான்."

இன்னாரின் மகன் என்பதற்குத் தமிழர்களின் அடையாள அட்டையில் போடுவார்களே, அந்த ஏ/எல்; மகள் என்றால் ஏ/பி. சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சாய்கோட்டை ஃபோல்டரையும் கோப்பையும் பிரிக்கும் குறி என்று எடுத்துக்கொண்டு, 'முனியாண்டி ஏ' என்ற ஃபோல்டருக்குள் நுழையப் பார்த்திருக்கிறது கம்ப்யூட்டர்! கோட்டை எடுக்க ஒரு வரி சேர்த்தேன். முனியாண்டி, பச்சையம்மா, வீராயி என்று கோப்புகள் கொட்டின. நான் நாற்காலியோடு சுற்றினேன். அவர் கையை எடுக்காமலே தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"உங்க பேரென்ன அண்ணே?"

"வேணாம் தங்கச்சி. என் பேருலயும் கோடு இருக்கு, மறுபடி நின்னுடும்!"

இன்றுவரை அவர் பெயர் தெரியாது. விண்ணப்பப் பாரத்தில் என் பெயருக்கு நடுவே அந்தக் கோட்டைப் போடும்போதெல்லாம் சிரித்துவிடுகிறேன். கவுண்டரில் இருப்பவர்கள் முறைக்கிறார்கள்.