காலாப்பட்டுக் கீரையின் கடைசிச் சனிக்கிழமை

வந்தவாசியிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து புதுச்சேரி, பிறகு டவுன் பஸ்ஸில் காலாப்பட்டு. வெள்ளிக்கிழமை மாலை நான் இறங்கியபோது மலர்க்கொடி சாலையோரம் காத்திருந்தாள். முப்பது சென்ட் குத்தகை நிலத்தில் ரசாயன உரம் போடாமல் கீரை விளைவித்து, தரகர் யாருமில்லாமல் நேராகப் புதுச்சேரி வீடுகளுக்கும் ஓர் உணவகத்துக்கும் கொண்டுபோய்க் கொடுப்பவள். ஒரு விவசாயிகள் கூட்டத்தில் பழக்கமானோம். எனக்கும் ஊரில் ஒரு ஏக்கர் இருக்கிறது. அவளைப் போலச் செய்ய வேண்டும் என்ற ஆசையில், ஒரு சனிக்கிழமை கூடவே இருந்து பார்க்க வந்திருந்தேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே வயலில் இறங்கினோம். வாரத்துக்கு ஒரு பாத்தி என்று விதைப்பதால் எந்த வாரமும் அவளிடம் கீரை இல்லாமல் போவதில்லை. என்ன பறிக்கப் போகிறாள் என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறாள். கேட்டவர்களுக்கு மட்டும் பறிக்கிறாள். கட்டு இருபது ரூபாய், எந்தப் பருவத்திலும் அதே விலை. ஈரச்சாக்கில் சுற்றினால் மதியம் வரை வாடாது. எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்டுக்கொண்டே பறித்தேன். ஆனால் கீரையின் ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது.

"இது என்ன நோய் மலர்?"

அவள் போர் குழாயைத் திறந்துவிட்டாள். "குடிச்சிப் பாருங்கக்கா."

வாயில் வைத்ததும் துப்பினேன். அப்படி ஓர் உப்பு.

"சுத்தியும் ஆழமா போர் போட்டு உறிஞ்சிட்டாங்க. கடல் உள்ள வந்துடுச்சி. மண்ணு காயாம இருக்க வைக்கோல் மூடாக்கு போட்டேன், மழைத்தண்ணிக்குக் குழி வெட்டுனேன், ஒண்ணும் கேக்கல. இன்னியோட நிறுத்தறேன்."

"போன்லேயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க. கத்துக்கணும்னு இதுவரைக்கும் கேட்டது நீங்க ஒருத்தர்தான். முடியறதுக்குள்ள காமிச்சிடணும்னு தோணுச்சி."

ஏழு மணிக்கு அவள் கணவர் பாஸ்கர் லோடு ஆட்டோவைக் கிளப்பினார். நகரத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்.

முதலில் கதிர்காமம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மலர் விஷயத்தைச் சொன்னாள். "அய்யய்யோ" என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டே, "வேற யாராச்சும் குடுக்கறாங்கன்னா நம்பர் அனுப்பு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குக் கீரை வேண்டுமே.

அடுத்தது கடற்கரைப் பக்கத்து உணவகம். அங்கிருந்த மேனேஜர் இலையைப் புரட்டிப் பார்த்து, "ஓரமெல்லாம் கருகியிருக்கு. பாதி போதும்" என்றார். மலர் பாதியை எண்ணி வைத்துவிட்டு வந்தாள். கடைசி நாள் என்று அவரிடம் சொல்லவே இல்லை.

கடைசி வீடு நகரத்தின் உப்பளம் பகுதியில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அந்த ஊரில் இவர்களைச் சொல்தா என்கிறார்கள். மனைவி போனபின் தனியாக இருக்கிறாராம். வாசலிலேயே நின்றிருந்தார்.

"போன்ழூர் மலர்! இன்னா, இவ்ளோ லேட்டு?"

அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். கீரைக்கட்டை வாங்கின கை அப்படியே நின்றது.

"கீரை இல்லாட்டி போவுது. சனிக்கெழம சும்மாவாச்சும் வந்துட்டுப் போ."

"அங்க சனிக்கெழம லீவு இல்லீங்கய்யா."

"எங்க?"

"ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டுல. காய் நறுக்கற வேலை. திங்கக்கெழம சேர்றேன்."

எனக்கும் அப்போதுதான் தெரியும். லாரியில் மூட்டை மூட்டையாக வரும், யார் விளைவித்ததென்றே தெரியாத காயை இனி அவள் நறுக்க வேண்டும். பெரியவர் "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டபோது மலர் திடீரென்று கேட்டாள்: "அக்கா, உங்களுது நல்ல தண்ணிதானே? என்கிட்ட கீரை வாங்கற இவங்கள நீங்க எடுத்துக்குங்களேன்."

"வந்தவாசியிலேர்ந்து பஸ் மாறி வந்து வீடு வீடா குடுக்கறதுக்குள்ள மதியம் தாண்டி வாடிடுமே மலர்."

"ஆமா இல்ல" என்றாள். அவள் கண் கலங்கியதை அப்போதுதான் பார்த்தேன். பாஸ்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோவைக் கிளப்பினார்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நகரத்தைத் தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் வீட்டுமனைக் கொடிகள். எங்கள் ஊரில் நான் காயை மண்டியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். நாளைக்கு என் நிலமும் கெட்டு நான் நிறுத்தினால், ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு வீடு கிடையாது. மலருக்கு உப்பளத்தில் ஒரு வாசல் இருந்தது. அவளை நிலத்தில் நிறுத்த அதுவும் போதவில்லை என்பதைத்தான் நான் அவளிடம் கற்றுக்கொண்டு போகிறேன்.