காலி வேறு, தயார் வேறு

“ஒரு படுக்கையில் ஒரு நேரத்தில் ஒரு நோயாளிதான் இருப்பார். சரியா, தப்பா?” என்று வாசித்துவிட்டு, மேடம் பென்சிலைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்க்கிறார். தலையாட்டலை அவர் பதிலாக ஏற்பதில்லை. “வாயால சொல்லுங்க. தலை எல்லாத்துக்கும்தான் ஆடும்.”

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் அவருடைய வேலை இது: வார்டில் நடப்பதை எளிய வாக்கியங்களாக எழுதி, வார்டுக்காரர்களுக்கும் நிரல் எழுதுபவர்களுக்கும் வாசித்துக் காட்டி, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பின்னரே கணினிக்குள் விடுவது. கட்டமும் கோடுமாக வரைந்த படங்களை அவர் கூட்டத்துக்குக் கொண்டுவருவதில்லை. “படத்தக் காட்டினா நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. வாக்கியத்தக் காட்டினாத்தான் சண்டைக்கு வருவாங்க.” சண்டை வராத கூட்டத்தைத் தம் குறிப்பேட்டில் ‘நடக்கவில்லை’ என்றே பதிகிறார்.

அலுவலகத்தில் அவருக்குச் ‘சரியா-தப்பா மேடம்’ என்று பெயர். வீட்டிலும் அவர் விடுவதில்லை. கணவர் தொலைபேசியில் “சாப்பாடு ஆச்சா?” என்றால், “சமைச்சாச்சான்னு கேக்குறீங்களா, சாப்பிட்டாச்சான்னு கேக்குறீங்களா?” என்பார். கணவரும் சளைத்தவரல்லர்: “ரெண்டுக்கும் தனித்தனியா கையெழுத்துப் போட்டு அனுப்பு.”

அன்று மருத்துவமனையில் நடந்த கூட்டத்தில் சண்டை ஒரே சொல்லில் மூண்டது. பதினான்காம் வாக்கியம்: ‘நோயாளி வீட்டுக்குப் போனதும் படுக்கை காலி.’

“சரி,” என்றார் நிரல் குழுவின் தலைவர்.

“தப்பு,” என்றார் வார்டுப் பொறுப்புச் செவிலியர். பழைய மென்பொருள் காலி என்று காட்டிய படுக்கைகளுக்குப் புது நோயாளிகள் அனுப்பப்பட்டு, அழுக்கு விரிப்பின் முன்னால் காத்து நின்றதற்கு, இரண்டு முறை அவரிடம்தான் விளக்கம் கேட்டிருந்தார்கள். மூன்றாவது முறையும் விளக்கம் கேட்டு ஓலை வந்தால் இடமாற்றம். “ஆள் எழுந்து போனா காலி இல்ல சார். துடைச்சு, விரிப்பு மாத்தினாத்தான் எங்களுக்குக் காலி.”

“அது தயார், சிஸ்டர். காலி வேற, தயார் வேற.”

“அத உங்க கம்ப்யூட்டருக்குச் சொல்லுங்க. திட்டு எனக்குத்தான் விழுது.”

மேடம் அழிப்பானை எடுத்து, ஒரு வாக்கியத்தை இரண்டாக்கினார்: ‘நோயாளி போனதும் படுக்கை காலி. அது தயார் என்று சொல்லப்பட்ட பிறகே அடுத்த நோயாளி.’ இருவரும் “சரி” என்றனர். தலைவர் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தேவிட்டார்.

“சொல்லப்பட்ட பிறகுன்னா, யார் சொல்லணும்?” என்றார் மேடம்.

“சிஸ்டர்தான்.”

செவிலியர் தயங்கினார். “நான் எட்டு அறை தாண்டி இருப்பேன். எது எப்ப முடிஞ்சுதுன்னு துப்புரவு அக்காவுக்குத்தான் தெரியும். என் பேரப் போட்டா பழையபடி என் தலைதான் உருளும்.”

“அவங்க கம்ப்யூட்டரத் தொடுறதே திட்டத்துல இல்ல, மேடம். இன்னிக்கிக் கையெழுத்து ஆகணும். இதுக்கு மேல எதையும் மாத்த முடியாது,” என்றார் தலைவர்.

மேடம் எழுந்து கதவைத் திறந்தார். தாழ்வாரத்தில் வாளியில் துணியைப் பிழிந்துகொண்டிருந்த துப்புரவுப் பெண்மணியிடம், “அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள வாங்க. நீங்க சொல்லாம இது முடியாது” என்றார். அறையில் மூன்றே நாற்காலிகள். வந்தவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி சுவரோரம் நின்றார். மேடம் தம் நாற்காலியை மேசையின் நடுப்பக்கத்துக்கு இழுத்துப் போட்டு, அவர் உட்காரும்வரை அதன் முதுகைப் பிடித்தபடி நின்றார்.