நைலான் நூல் அறுபடாத நாள்

முத்துமீனா மேலூர்ப் பக்கத்துப் பெண். அப்பா சிவபாண்டிக்குக் கல்குவாரியில் வேலை. திருநகரைத் தாண்டியிருந்த பொறியியல் கல்லூரியில் அவள் மூன்றாம் ஆண்டு படித்தபோது, மாணவர்கள் சேர்ந்து சிறிய செயற்கைக்கோள் ஒன்று செய்தார்கள். இரண்டு கைக்குள் அடங்கும் பெட்டி. அதன் ஆண்டெனாவை மடக்கி நைலான் நூலால் கட்டியவள் அவள்தான். மேலே போனதும் ஒரு கம்பி சூடாகி நூலை அறுக்கும்; ஆண்டெனா விரியும்; பெட்டி பேசத் தொடங்கும்.

கட்டிய நாளிலிருந்தே, நூல் சரியாக அறுமா என்ற பயம் பிடித்துக்கொண்டது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் விரல்கள் துப்பட்டா நுனியில் முடிச்சுப் போட்டுப் பார்த்தன.

ராக்கெட் நல்லபடியாகப் போனது. மறுநாள் காலை செயற்கைக்கோள் மதுரைக்கு மேலே வந்தபோது கல்லூரிக் கட்டுப்பாட்டு அறையின் ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். அது கடந்துபோன பின்னும் இரைச்சல்தான். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. பழைய சோதனைக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினாள்.

நூல் பாதிதான் அறுந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. குளிர் சோதனையில் ஒருமுறை அப்படி ஆகியிருந்தது. கட்டளை வாங்கும் ஆண்டெனா தனி என்பதால், கம்பியை மறுபடி சூடாக்கச் சொல்ல முடியும். ஆனால் பேட்டரியின் நிலை யாருக்கும் தெரியாது. மின்சாரத்தை அதிகம் இழுத்தால் பெட்டி ஒரேயடியாகச் செத்துவிடும்.

"எம்புட்டு நேரம் சூடாக்கணும்?" என்று கேட்டார் பேராசிரியர் பாண்டியராஜன்.

"போன தடவைக்கு ரெண்டு மடங்கு, சார்."

"பேட்டரி போயிருச்சுன்னா?" என்றான் அணித்தலைவன் சூர்யபிரகாஷ்.

"போயிரும்ணே. ஆனா நூலு அறுபடலைன்னா பேட்டரி இருந்தும் பேச வழியில்ல."

கட்டளையை அவளையே அனுப்பச் சொன்னார் பேராசிரியர்.

அடுத்த முறை அது வந்தபோது, நேரக் கணக்கை இன்னொரு முறை சரிபார்த்துப் பொத்தானை அழுத்தினாள். பதில் ஏதும் வராமலே அது தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டது. இனி அது மதுரைக்கு மேலே வருவது சாயங்காலம்தான்.

மாடிப்படியில் உட்கார்ந்தாள். தோழி தமிழ்ச்செல்வி கொண்டுவந்த புளிச்சோற்றைத் தொடாமலே மூடி வைத்தாள். அழகரை வேண்ட நினைத்தாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. தன் கையால் கொன்ற ஒன்று ஊர்மேல் சுற்றிச் சுற்றி வரப்போகிறது என்ற நினைப்பு அவளை விடவில்லை.

சாயங்காலம் இரைச்சலுக்குள்ளிருந்து கிர், கிர் என்று விட்டுவிட்டு ஓர் ஒலி வந்தது. ஆண்டெனா விரிந்துவிட்டது. சூர்யபிரகாஷ் மேஜையில் தலை கவிழ்த்து அழுதான். முத்துமீனாவின் கண் திரையில் வந்த பேட்டரி அளவையே தேடியது. மிகவும் குறைவு. தாங்குமா என்று இன்னொரு பயம். இரண்டு நாள் வெயில் பட்டு அது ஏறிய பிறகுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

பெட்டி அடுத்த ஆடி வரை பேசியது. அவள் இப்போது பெங்களூரில் செயற்கைக்கோள்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். தொடமாட்டாள் என்று தெரிந்து, ஏவும் நாளில் அவளுக்கு யாரும் சாப்பாடு எடுத்து வைப்பதில்லை.