பாத்திமா மேரியின் பழைய பெட்டிகள்

பெயிண்ட் பிரஷ்ஷால் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் தட்டிக்கொண்டே, கோழி விரட்டுகிறவர் போல "உஷ், உஷ்" என்பார் பாத்திமா மேரி. உள்ளே பல்லி இருந்தால் ஓடிவிடட்டும் என்பதற்காக. ஒருமுறை விரட்ட மறந்து கையை விட்டு, பல்லி முழங்கைவரை ஏறி, அவர் போட்ட கூச்சலில் கீழ்வேளூர் கடைத்தெருவில் பாதி பேர் வந்து எட்டிப் பார்த்தார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார்.

வீட்டு முன்னறைதான் பட்டறை. ஒரு பக்கம் ஜெராக்ஸ் மெஷின், மறு பக்கம் ஊரார் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள். நடுவில் ஐம்பதைத் தாண்டிய மேரி, நைட்டிமேல் துண்டு, நெற்றிமேல் ஏற்றிய கண்ணாடி. பெட்டியைத் திறந்ததும் தூசியை விரலில் தொட்டுப் பார்த்து ஜாதகம் சொல்வார். "ரைஸ்மில்லு பொட்டின்னா தவிடு வரும். ஒர்க்‌ஷாப்புன்னா எண்ணெப் பிசுக்கு. உங்க வூட்டுது வெறும் ஒட்டடைக்கா. யாரும் தொட்டே நாளாச்சு போல."

அது உண்மைதான். என் கணவர் வீரையன் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்து ஆறுகள், வாய்க்கால்கள், மடைகள், அவற்றுக்காக நடந்த சண்டைகள், சமாதானங்கள் எல்லாவற்றையும் வருடக்கணக்காக எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி எழுதிக்கொண்டிருந்தார். சர்க்கரை அவருடைய கண்களைக் கொண்டுபோனது. அதன்பிறகு ரேடியோவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தார். நான் பேசினால் "ம்". சாப்பாடு வைத்தால் "ம்". ஆடிக்கொருமுறை அமாவாசைக்கொருமுறை போன் பண்ணும் சிங்கப்பூர்ப் பையன், "அத தூக்கிப் போடுங்கம்மா, புதுசு அனுப்புறேன்" என்றான். அந்த "அனுப்புறேன்" இன்னும் விமானம் ஏறவில்லை.

மேரியிடம் யாரோ சொல்லித்தான் போனேன். பழைய கம்ப்யூட்டரில் வேறு ஏதோ போட்டு ஓட வைக்கிறாராம், அது எழுத்தை வாய்விட்டுப் படிக்குமாம் என்றார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தை அவரிடமே கேட்டும்விட்டேன்.

"லினக்ஸ்னு பேரு அக்கா. யார் யாரோ எழுதி, எடுத்துக்கங்கன்னு சும்மா வுட்ருக்காங்க. இந்தக் கெழட்டுப் பொட்டிக்கு அதுதான் தாங்கும்" என்றார். ஆனால் எல்லோருக்கும் அதைக் கட்டிவிடுகிற ஆளும் இல்லை. அன்று என் முன்னாலேயே ஒரு கடைக்காரர் கணக்குப் போடும் டேலியும் அதில் ஓட வேண்டும் என்றார். "அது இதுல சரியா வராதுங்க, வேற எடம் பாருங்க" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லி அனுப்பிவிட்டார். வேளாங்கண்ணிக்குப் போகும்போதெல்லாம் மேரி ஒரு மெழுகுத்திரி கூடுதலாக ஏற்றுவாராம், அந்த லினக்ஸை எழுதினவர்களுக்காக. "மூஞ்சி தெரியாது, ஊரு தெரியாது. மாதாவுக்குத் தெரியும்ல."

எங்கள் பெட்டியை அவரே ஸ்கூட்டியில் திருப்பிக் கொண்டுவந்தார். டிஸ்கில் இருந்ததையெல்லாம் முதலில் வேறு ஒன்றில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். கடைசியாக அழுத்தும் என்டர் கீயை மட்டும் அவர் அழுத்த மாட்டார். அது மேரியின் வழக்கம். பெட்டிக்கு உடையவர்தான் அழுத்த வேண்டும். நடவு அன்று முதல் நாற்றை ராசியான கையால் ஊன்றச் சொல்வார்களே, அதுபோல.

"சார், கையக் குடுங்க."

"என் கைக்கு ஏதும்மா ராசி? வேற யாரையாச்சும் கூப்புடு."

"வயலு உங்களது. நான் வந்து நட்டா நல்லாவா இருக்கும்?" என்று அவர் விரலைப் பிடித்து வைத்தார். அழுத்தினார் மனிதர். கொஞ்ச நேரத்தில் பெட்டி தமிழில் பேசியது. தொண்டை கட்டிய கூட்டுறவு வங்கி மேனேஜர் மாதிரி ஒரு குரல். என் கணவர் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினார்.

"நான் எழுதினத படிக்கச் சொல்லும்மா" என்றார்.

மேரி கோப்பைத் திறந்தார். "கே ஜே செமிகோலன் எச்" என்று ஆங்கில எழுத்துகளைக் கொட்டிக்கொண்டே போனது அது. ஒரு சொல்கூடத் தமிழாக இல்லை. என் கணவர் கொஞ்சம் கேட்டார். முகம் சுருங்கிவிட்டது.

"கெட்டுப் போச்சு. அழிச்சிடும்மா."

எனக்கு மேரிமீது ஆத்திரமாக வந்தது. சும்மா கிடந்த மனிதருக்கு ஆசை காட்டிவிட்டாயே என்று கேட்க வாயெடுத்தேன்.

மேரி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தனவாம். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தன. பார்க்கிற கண்ணுக்கு அது தமிழ். உள்ளே கிடப்பதோ ஆங்கிலம். "ஒண்ணும் கெடல சார். மெஷினுக்குக் கண்ணு கெடையாது, உள்ள இருக்கறத அப்புடியே படிக்குது" என்றவர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என் கணவர் சிரித்தார். "அப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரே கேஸுதான்." அவர் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே நான் அடுக்களைக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

எழுத்தை மாற்றித் தரும் கருவி ஒன்றையும் யாரோ எழுதிச் சும்மாதான் விட்டிருந்தார்கள். ஆனால் இவர் இரண்டு மூன்று எழுத்துருக்களைக் கலந்து தட்டியிருந்ததால் நடுநடுவே எழுத்துகள் உதிர்ந்துபோயின. அதை மேரி வரிவரியாகச் சரிசெய்தார். சந்தேகம் வந்தால் போன்.

"சார், 'ஓடம்'னு இருக்கு, அப்புறம் ஓட்டை, கடைசில 'கி'. என்ன சார் அது?"

"ஓடம்போக்கிம்மா. ஆறு. நீ தெனம் பாலத்துல தாண்டிப் போறியே."

"அட, அதுவா?"

அந்த அழைப்புகளுக்காக அவர் காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார். ஒரு வாய்க்காலின் பெயர் கேட்டால் அதன் மடை, மடைக்காரர், மடைக்காரர் மாமனார் வரை சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு மேரி அத்தனையும் கேட்டிருக்கிறார். இதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? டாக்டர் கொடுத்த மாத்திரை எதுவும் செய்யாததை அந்தப் போன் செய்தது. எதிரே வந்தால் காலில் விழலாம் போலிருக்கும். விழுந்தால் திட்டுவார்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், சரிசெய்த கோப்போடு வந்தார். ஸ்கூட்டி ஓட்டிவந்த வேர்வை முதுகில் ஒட்டியிருந்தது. வந்ததும் மோர் கேட்டார், ஃபேனைப் பெரிதாக வைக்கச் சொன்னார். எங்கள் ஃபேன் சுற்றினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். என் கணவர் கையைத் தடவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கீபோர்டில் மேரி எதையோ தட்டினார். பெட்டி படித்தது.

"ஓடம்போக்கி ஆற்றில் தண்ணீர் திறந்த சேதி, ஊருக்கு முன்னால் தவளைக்குத் தெரிந்துவிடும்."

என் கணவர் எழுதிய முதல் வரி. அடுத்த வரி வந்தது. காதைக் குரல் பக்கம் சாய்த்தார், இன்னும் சாய்த்தார்.

மேரி மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். செருப்பில்லாத காலால் சத்தமின்றி நடந்துபோய் ஃபேனை நிறுத்தினார். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்க, துடைக்காமல், சுவிட்சின்மேல் வைத்த விரலை எடுக்காமல் அங்கேயே நின்றார்.