ஏறுறீகளா, இறங்குறீகளா?

போடியில் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரே நாலு பெஞ்சு போட்ட சாப்பாட்டுக் கடை ஒன்று இருந்தது. எழுபதுகளின் கடைசியில், ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் நான் வேலை பார்த்தபோது, என் வயிற்றைக் காப்பாற்றியது அதுதான். சாப்பாட்டு விஷயத்தில் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ரசத்தில் உப்பு குறைந்தால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுகிற ஆள் நான். அந்தக் கடையில் மட்டும் சாப்பிடுவதற்குத்தான் வாயைத் திறந்தேன்.

கடைக்கார அண்ணன் பக்கத்து ஊரான சிலமலைக்காரர், முன்னாள் ஜீப் டிரைவர். மதினி மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துப் பெண். இரண்டு வீட்டையும் மீறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மகன் பிறந்ததும் சிலமலை உறவு வந்து ஒட்டிக்கொண்டது. மதினியின் வீட்டிலிருந்து மட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அவர்கள் சமையலை என்னவென்று சொல்ல! அண்ணன் வீட்டு எலும்புக் குழம்புக்கு மதினி வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு. மதினியின் மீன்கறிக்கு அண்ணன் கிண்டிய கம்பங்களி. அந்த மீன்கறியில் புளி அவள் ஊர்க் குடம்புளி, எண்ணெய் எங்கள் ஊர் நல்லெண்ணெய். இது எந்த ஊர்ச் சமையல் என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேரும் சண்ட போட்டு ராசியான ஊரு," என்பார் அண்ணன்.

"ஏறுறீகளா, இறங்குறீகளா?" என்று கேட்காமல் மதினி தட்டை எடுக்கவே மாட்டாள். போடிமெட்டுக்கு ஏறுகிறவர்களுக்கு இஞ்சி தட்டிப் போட்ட கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான். கெஞ்சினாலும் மீன் கிடையாது. வளைவுகளில் ஜீப்பு திரும்பும்போது வயிறும் சேர்ந்து திரும்பும் என்பது அவளுக்குத் தெரியும். இறங்கி வந்தவர்களுக்கு எல்லாம் உண்டு, கேட்காமலே இன்னொரு துண்டு மீனும் விழும். "மேல மழையா?" என்று விசாரிப்பாள். தன் அம்மாவைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் ஜீப்பு வந்து நின்றால், கடைசி ஆள் இறங்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு சாயங்காலம் மலைக்குப் போகக் கிளம்பி, கஞ்சிக்காக உட்கார்ந்திருந்தேன். வெள்ளை முண்டு கட்டிய ஒரு அம்மா உள்ளே வந்து ஓரத்தில் உட்கார்ந்தார். மதினி அடுப்பைப் பார்த்தபடியே, "ஏறுறீகளா, இறங்குறீகளா?" என்றாள்.

"இறங்கி வந்நதா."

மதினியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "அவ அம்மாப்பா," என்று அண்ணன் என் காதில் சொன்னார்.

மதினி தட்டை எடுத்தாள். கிழங்கு வைத்து மீன்கறி ஊற்றினாள். அந்த அம்மா ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இதெந்து கறி? தேங்காயெண்ணெய் எவிடே?"

போச்சுடா என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மா கையை எடுக்கவில்லை. தட்டு காலியானதும், "கொறச்சு கூடி," என்று நீட்டினார். மதினி இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

கை கழுவிவிட்டு அந்த அம்மா ரோட்டைப் பார்த்தார். கடைசி ஜீப்புக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஏறுகிறவர்களுக்குக் கஞ்சி கொடுப்பார்களாமே, அதைக் கொடு, நான் போக வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டார்.

"கஞ்சி தீந்து போச்சு," என்றாள் மதினி. "மீனு தின்ன வயித்தோட மலை ஏறக் கூடாது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அடுப்பில் கஞ்சிப் பானை ஆவி பறக்க நிறைந்து நின்றது. அந்த அம்மாவும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து, "சரி மோளே," என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, கஞ்சி இல்லப்பா. வெரசா போயி ஜீப்பப் பிடி."

ஊறுகாய் இல்லையென்றால்கூடச் சண்டைக்குப் போகிறவன், வாயை மூடிக்கொண்டு எழுந்து போனேன். வெறும் வயிற்றோடு ஏறி, வழியெல்லாம் குமட்டி, மூன்று தடவை ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். கோபம் மட்டும் வரவே இல்லை.