கங்காணி வீட்டு வாசலில் குடை

எங்கள் வீட்டில் ‘கங்காணி’ என்பது ஒரு தொழில் அல்ல, குடும்பப் பெயர். பள்ளிக்கூட வரவு இடாப்பில் என் பெயருக்கு முன்னாலும் அது இருந்தது. இலங்கையின் எல்கடுவ மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உண்மையான கங்காணிகளும் இருந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பின்னால் நின்று சத்தம் போடுவார்கள். தோட்டத்துரை வந்தால் தாங்களும் ஏச்சு வாங்குவார்கள். அவர்களைக் கண்டால் பெரியப்பாவுக்கு ஆகாது.

"அவங்க சும்மா கங்காணி. நம்ம பாட்டன் பெரிய கங்காணி. கப்பல்ல ஆள் கொண்டுவந்தவரு!"

ஆட்களைக் கொண்டுவந்த பாட்டன் எங்களுக்கு விட்டுப்போனது, கூரையில் தகரம் வைத்து ஒட்டுப்போட்ட ஒரு பெரிய வீடும் இந்தப் பெயரும்தான். பெரியப்பா மாத்தளையில் ஒரு கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். த்ரீவீல் ஓட்டிய சித்தப்பாவின் அகராதியில் கங்காணி என்றால் வேறு அர்த்தம். கையை அசைக்காமல் அதிகாரம் மட்டும் பண்ணுகிறவர் யாராயிருந்தாலும் கங்காணிதான். பெரும்பாலும் அது பெரியப்பா.

அந்தச் சித்தப்பா, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் கீழ் லயத்து முன்பள்ளி டீச்சர்மேல் ஆசைப்பட்டார். அவளைக் கட்டாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தார். அதாவது வீட்டில் சாப்பிடாமல். கடைசியில் பெரியப்பா இறங்கிவந்து, எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு பரிசம் பேசப் போனார். போனவர் சும்மா இருக்காமல் பாட்டனின் தலைப்பாகை, வெள்ளிப்பூண் போட்ட தடி என்று ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நகை நட்டு ஒண்ணும் கேக்கலீங்க. கோயிலுக்குப் போற பாதை உங்க வாசல் வழியாத்தான் போவுது. கல்யாணத்தன்னிக்கு எங்க ஆளுங்க எல்லாரும் செருப்புப் போட்டு, குடை பிடிச்சிக்கிட்டு அந்த வழியா வருவோம். சம்மதம்னா பொண்ணு தர்றோம். இல்லாட்டி வேணாம்."

சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. பெரியப்பாவுக்கோ நகைப் பேச்சு வராத சந்தோஷம்.

"இவ்ளோதானா? குடை பத்தலேன்னா சொல்லுங்க, நானே வாங்கித் தர்றேன்!"

கல்யாணத்தன்று மருந்துக்கும் மேகம் இல்லை. கீழ் லயத்திலிருந்து மேளத்தோடு குடைகள் ஏறிவந்தன. கறுப்புக் குடை, கம்பி முறிந்த குடை, பூப்போட்ட குடை, காது வைத்த சின்னப்பிள்ளைக் குடை என்று லயம் முழுக்கக் கடன் வாங்கியிருந்தார்கள். வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற பெரியப்பா வரவேற்றுத் தெளித்த பன்னீரெல்லாம் குடைகள்மேல்தான் விழுந்தது. ஒருவர் முகமும் நனையவில்லை. அவர்கள் நடந்த நடையும் சாதாரண நடை இல்லை, தேர் நகர்கிற மாதிரி. கோயில் வாசலில் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற சித்தப்பா, முகூர்த்தம் தப்பிவிடுமோ என்று எங்கள் பக்கமே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது, வாய் நீளம். சித்தப்பா படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நடுவில் வந்த பெண்ணின் அப்பா எங்கள் படிக்கு நேராக வந்ததும், மேல்படியில் ஏறி நின்று கத்தினேன்.

"தாத்தா, மழைதான் இல்லையே! குடையை மடக்குங்க!"

எல்லாரும் நின்றுவிட்டார்கள். மேளக்காரரின் கையும் நின்றது. தாத்தாவின் தலை தன்னாலே குனிந்தது, விரல்கள் குடையை மடக்கும் இடத்துக்குப் போயின. சொன்ன பேச்சைக் கேட்கிற நல்ல தாத்தா என்று நினைத்தேன். ஆனால் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, குடையை இன்னும் உயரத் தூக்கினார்.

"மடக்க மாட்டேன் தாயி. இன்னைக்கு மடக்க மாட்டேன்."

சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. பெரியப்பா செம்பைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் படியிலிருந்து இறக்கிவிட்டார்.

பாட்டன் காலத்தில் தோட்டத்து ஆட்கள் யாரும் குடை பிடித்தோ செருப்புப் போட்டோ அந்த வாசலைக் கடக்கக்கூடாதாம். கொட்டுகிற மழையில், தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன ஒரு சின்னப் பையனும் அந்தப் படியிலிருந்து அதே அதட்டல் வரக் கேட்டிருக்கிறான். இதையெல்லாம் அந்தப் பையனின் மகளான சித்தி எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்துத்தான். அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? இவ்வளவு வயதாகியும் வெயிலுக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் என்று, பந்தியில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார்.