கத்தி வைத்ததால்

என் தம்பி செத்ததற்கு ஊர் ஒரே ஒரு காரணம் வைத்திருக்கிறது. தலையில் கத்தி வைத்ததால் செத்தானாம். இலுப்பூரில் என் உரக்கடைக்கு யூரியா வாங்க வருகிறவன்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குகிறான். அவனுக்கு என்ன தெரியும்? நடந்ததை அவன் அக்கா நான் சொல்கிறேன்.

தம்பி குவைத்தில் டிரைவர். இடது காது மந்தமாகி, நடந்தால் தள்ளாட்டம் வந்து, வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினான். குடித்திருக்கிறான் என்றுதான் தெருவில் பலரும் நினைத்தார்கள். திருச்சியில் ஸ்கேன் எடுத்தபோது மூளைக்குக் கீழே ஒரு பை தெரிந்தது. பிறக்கும்போதே இருந்திருக்கும் என்றார் டாக்டர். தோல் உதிர்வதுபோல உள்ளுக்குள்ளேயே உதிர்ந்து, மெழுகு மாதிரிச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, இப்போது நரம்பை அமுக்குகிறதாம். புற்றுநோய் இல்லை, எடுத்துவிட்டால் சரியாகும் என்றார்.

எடுத்தார்கள். நரம்போடு ஒட்டிக்கிடந்த ஒரு துணுக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். அதைப் பிய்த்தால் முகம் கோணிவிடும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். எடுத்ததைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சாதாரணக் கட்டிதான் என்றார்கள். தள்ளாட்டம் நின்றது. லோடு வண்டி ஓட்டலாமா என்றுகூடக் கேட்க ஆரம்பித்தான்.

அம்மா மொட்டை நேர்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் சிரைத்த முடி சாமிக்குச் சேராது என்று பங்காளிகள் சொன்னதால், முடி முழுசாக வளரட்டும் என்று காத்திருந்தோம். வளர்ந்ததும் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, கிடா வெட்டி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சோறு போட்டோம். அந்தப் பந்தியில்தான் பார்த்தேன். தம்பியின் இடது வாயோரம் குழம்பு ஒழுகிச் சட்டையில் சொட்டியது. அவனுக்குத் தெரியவில்லை.

"என்ன மாப்ள, கறியப் பாத்ததும் வாய் நிக்கலையா? தொடைங்க, எந்தங்கச்சி பாக்குது" என்றான் அவன் மச்சினன்.

பந்தி சிரித்தது. தம்பியும் சிரித்தான். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மறுபடி ஸ்கேன். விட்டுவைத்த துணுக்கு இருந்த இடத்தில் புதிதாக என்னவோ வளர்ந்திருந்தது. மறுபடி திறந்து, முடிந்ததை எடுத்து, சோதித்தார்கள். இந்தத் தடவை புற்றுநோய். "ரொம்ப அபூர்வம்மா இது" என்றார் டாக்டர். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எத்தனை பேரில் ஒருவனுக்கோ வருகிறது. வந்த வீட்டுக்கு முழுசாகத்தான் வருகிறது.

அடுத்து கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உடனே ஆரம்பித்தால்தான் பலன் என்றார்கள். தம்பியின் மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை.

"சும்மா தூங்கிக் கெடந்ததக் கத்திய வச்சு எழுப்பி விட்டாச்சு. இப்ப கரண்டு வேற வைக்கணுமா? மாப்ளய நான் மூலிகை வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க எந்தக் காலேஜ்ல மாமா டாக்டருக்குப் படிச்சீங்க?" என்றேன்.

"ஆத்தா, ஒனக்கு வாய் மட்டும்தான் இருக்கு. தாலி எம்பொண்ணு கழுத்துல."

தம்பி மாமனார் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தான். பயம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்து இவர் வாயை அடைக்கிறேன் என்று, மாமனாரையும் தம்பியையும் திருச்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். உட்கார்ந்ததும் கேட்டேன்.

"கத்தி வச்சதாலதான் இது கேன்சரா மாறுச்சுன்னு சொல்றாரு சார். இல்லன்னு இவருக்கு நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியலம்மா. ஆபரேஷன் பண்ணாமலேயே மாறினவங்களும் இருக்காங்க. ஆனா பண்ணின பிறகு, மிச்சம் இருந்ததுல மாறினதுதான் அதிகமாப் பதிவாகியிருக்கு. ஏன்னு யாருக்கும் தெரியாது."

எனக்கு அந்த ஆளை அறையலாம் போலிருந்தது. பொய் சொல்லித் தொலைத்தால் என்ன? மாமனார் என்னைப் பார்ப்பார், ஏளனமாக ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தான் சொன்னது நிஜமாக இருக்கலாம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

தம்பிதான் கேட்டான், கோணிய வாயால், மெதுவாக. "மொதல்லயே தொடாம விட்டிருந்தா?"

"நரம்ப ரொம்ப அமுக்கியிருந்துச்சுப்பா. நடக்கிறது நின்னிருக்கும். முழுங்கறதும் கஷ்டமாயிருக்கும்."

தம்பி மாமனார் முழங்காலில் கையை வைத்தான். 

"எது எழுப்புச்சோ, எந்திரிச்சிருச்சு மாமா. இனிமே அதோட என்ன பேச்சு. கரண்ட வைக்கச் சொல்லுங்க."

வைத்தார்கள். தலை அசையாமலிருக்க அவன் முகத்துக்கே அச்செடுத்து ஒரு வலைமூடி செய்து, மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். வெளியே வரும்போது கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம் இருக்கும். தினமும் அவனை பஸ்ஸில் கூட்டிப்போனவர் மாமனார்தான். ஜன்னல் ஓரம் அவனை உட்காரவைத்து, வெயில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டே வருவாராம்.

கொஞ்ச காலம் கிடைத்தது. மகள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஆடியதைப் பார்த்தான். ஒருநாள் கண்மாய்க் கரைவரை தனியாக நடந்துபோய் வந்தான். அதற்குமேல் இல்லை. கடைசியில் தண்ணீரும் இறங்கவில்லை.

துக்கத்துக்கு வந்த ஒரு பங்காளி பந்தலில் உட்கார்ந்து ஆரம்பித்தான். "கத்தி வச்சாலே பரவிரும்ல..."

"வாய மூடுறா" என்றார் மாமனார். "டாக்டருக்கே தெரியல. ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?"

அந்த ஆள் வாயை மூடவில்லை. நாலு நாற்காலி தள்ளிப்போய் அதையே சொன்னான்.

உள்ளே தம்பி மனைவி பாயில் கிடந்தாள். நான் பக்கத்தில் போனதும் கேட்டாள். "அண்ணி, மொதல்லயே அதத் தொடாம விட்டிருந்தா, எப்படியாவது இருந்திருப்பாரா? நடக்காட்டியும் பரவால்ல. படுத்தாவது?"

"தெரியலடி."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்று கத்திவிட்டேன். அழ வந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கோபப்படவில்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.